படத்தில் இல்லாத நூல்

ஜனவரி 5, ஞாயிறு

வி.சி.ஆருக்குள் இருக்கும் உருளையை விரலால் தொடக் கூடாது என்று அம்மா நூறு தடவை சொல்லியிருக்கிறாள். இன்று தொட்டுவிட்டேன்.

நான் மாதா கோயிலில் முதல் பூசைக்குப் போய் வந்துவிட்டேன். அம்மா இரண்டாம் பூசைக்குப் போயிருந்தாள். அடிக்கடி திறக்க வேண்டியிருப்பதால் மெஷினின் மேல்மூடியை அவள் மாட்டுவதே இல்லை. உள்ளே அந்த உருளை, வெள்ளித் தம்ளரைக் கவிழ்த்து வைத்ததுபோல், கொஞ்சம் சாய்ந்து நின்றது. ஜன்னல் வெளிச்சம் அதன் மேல் வழுக்கிக்கொண்டிருந்தது. எவ்வளவு குளிர்ச்சியாக இருக்கும் என்று தெரிந்துகொள்ள வேண்டும்போல் இருந்தது. அவ்வளவுதான். குளிர்ச்சியாகத்தான் இருந்தது. விரலை எடுத்தபோது என் ரேகை அதில் அப்படியே பதிந்திருந்தது. பாவாடையால் துடைத்தேன். துணியால் துடைக்கவே கூடாது என்பது துடைத்த பிறகுதான் ஞாபகம் வந்தது.

கேசட்டில் இருக்கும் படத்தை அந்த உருளைதான் படிக்கிறது. அதன் ஓரத்தில் ஹெட் என்று கண்ணுக்கே தெரியாத இரண்டு முனைகள் இருக்கின்றனவாம். அவை உடைந்தால் மெஷின் போயிற்று. அம்மா வீடியோ மிக்ஸிங் வேலை பார்த்த ஸ்டுடியோவை மூடியபோது அவள் கேட்டு வாங்கிக்கொண்டு வந்தது இது ஒன்றைத்தான். இந்தப் பக்கத்தில் யார் வீட்டுப் பழைய கல்யாணக் கேசட்டானாலும் பென் டிரைவில் ஏற்ற எங்கள் மாடிக்குத்தான் வருகிறார்கள்.

அம்மா வந்து முக்காட்டை எடுத்துக்கொண்டே, "என்னட்டி முழிக்க?" என்றாள்.

"ஒண்ணுமில்லம்மா" என்றேன்.

போர்வைக்குள் டார்ச்சை வைத்துக்கொண்டு எழுதுகிறேன். அம்மாவின் கட்டில் நான்கு அடி தள்ளி இருக்கிறது. அவள் புரளும்போதெல்லாம் அணைத்துவிடுகிறேன்.

ஜனவரி 6, திங்கள்

பள்ளிக்கூடத்துக்கு இது ஐம்பதாவது வருஷம். விழாவில் பழைய ஆண்டுவிழாவைப் பெரிய திரையில் போடப்போகிறார்களாம். புளோரா டீச்சர் என்னை ஸ்டாஃப் ரூமுக்குக் கூப்பிட்டு, ஒரு கேசட்டைப் பட்டுத்துணியில் சுற்றிக் கொடுத்தார்.

"தொண்ணூத்தாறுல எடுத்தது. இது ஒண்ணுதான் இருக்கு. வேற காப்பி கெடையாது. உங்கம்மாவும் இதுல ஆடியிருக்கா, தெரியுமா?"

எனக்குத் தெரியாது. அம்மா ஆடுவாள் என்பதே தெரியாது.

பையில் வைத்துக்கொண்டு நடந்தபோது, ஒரு தூங்கும் குழந்தையைத் தூக்கிக்கொண்டு போவதுபோல் இருந்தது. கேசட்டின் சின்னக் கண்ணாடி வழியே பார்த்தேன். கறுப்பு நாடாவின் விளிம்பில் வெள்ளையாகப் பொடி. அம்மா பார்த்ததும், "பூஞ்சை" என்றாள். "கடல்காத்துல வேற என்ன வரும்." துணி வைத்து நாடாவை இரண்டு தடவை முழுவதும் ஓட்டித் துடைத்தாள். ஒவ்வொரு தடவையும் துணியைக் கண்ணுக்கு மிக அருகில் கொண்டுபோய்ப் பார்த்தாள்.

ஜனவரி 7, செவ்வாய்

மாலையில் முதல் தடவையாகப் போட்டோம். திரை முழுக்கப் பனி. வெள்ளைப் புள்ளிகள் கொட்டிக்கொண்டே இருந்தன. புள்ளிகளுக்குப் பின்னால் நிழல்களாகச் சின்னப் பிள்ளைகள் வரிசையில் நடந்து போனார்கள். என் விரல்தான் இதைச் செய்தது என்று நினைத்தேன்.

அம்மா கோபப்படவில்லை. "ஹெட்டுல அழுக்கு" என்றாள். வெள்ளைத் தாளைப் பட்டையாக வெட்டி, ஸ்பிரிட்டில் நனைத்து, உருளையின் மேல் ஒட்டினாற்போல் பிடித்துக்கொண்டு, மறுகையால் உருளையை மெதுவாகச் சுற்றினாள். தாளில் பழுப்பாகக் கோடு விழுந்தது. மூன்று தாள். மறுபடி போட்டபோது பனி நின்றுவிட்டது. மேடை, ஜிகினாத் தோரணம், மைக்கின் முன்னால் வெள்ளை உடையில் ஒரு சிஸ்டர், எல்லாம் துலக்கமாக வந்தன. எனக்கு அழுகை வரும்போல் இருந்தது.

அப்போது அம்மா, "எல்லாம் வந்துட்டு. அந்தக் கறுப்பு நூலுதான் போவமாட்டேங்கு" என்றாள்.

"எந்த நூலும்மா?"

"இந்தா, நடுவுல. தண்ணிக்குள்ள முடி மெதக்க மாதிரி. மெதுவா எறங்குதுல்லா? ஒனக்குத் தெரியலையா?"

பார்த்தேன். மேடை, தோரணம், சிஸ்டர். நூல் இல்லை. அம்மா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். என் ரேகை உருளையில் பதிந்திருந்தது என் கண்முன் வந்தது. தெரியவில்லை என்று சொன்னால் எதையோ மறைக்கிறேன் என்று நினைத்துவிடுவாள்.

"ஆமா, தெரியுது" என்றேன்.

ஜனவரி 8, புதன்

அம்மாவின் வேலையில் ஒரு விதி இருக்கிறது. படத்தில் குறை வந்தால் ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் மாற்ற வேண்டும். வயரை மாற்று, பார். போகவில்லையா, பழைய வயரையே போட்டுவிட்டு படத்தைக் கம்ப்யூட்டருக்கு அனுப்பும் டப்பாவை மாற்று, பார். "ரெண்டைச் சேத்து மாத்துனா எவன் திருடன்னு கடைசி வரைக்கும் தெரியாது" என்பாள்.

இன்று மஞ்சள் வயரை மாற்றினோம்.

"இப்ப இருக்கா?"

நான் திரையைப் பார்க்கவில்லை. திரையைப் பார்த்துக்கொண்டிருந்த அம்மாவின் முகத்தைப் பார்த்தேன். புருவம் சுருங்கித்தான் இருந்தது.

"இருக்கும்மா" என்றேன்.

ஜனவரி 10, வெள்ளி

நாடா ஓடும் தடத்தைச் சரிசெய்யும் டிராக்கிங் பட்டனைத் திருகிப் பார்த்தோம். படத்தின் அடியில் இருந்த நடுக்கம் போய்விட்டது. அது எனக்கும் தெரிந்த குறை. நூல் போகவில்லை.

ராத்திரி சாப்பிடும்போது அம்மா சோற்றில் எதையோ விரலால் தள்ளிக்கொண்டே இருந்தாள். "முடி கெடக்குட்டி. தலையை அவுத்துப் போட்டுக்கிட்டு அடுப்பாங்கரைக்கு வராதன்னு சொன்னா கேக்கியா." தட்டை எட்டிப் பார்த்தேன். வெள்ளைச் சோறு. முடி விழுந்திருக்கலாம். எனக்கு முடி நிறையக் கொட்டுகிறது.

சுகர் மாத்திரை அட்டை காலியாகி அலமாரியில் கிடக்கிறது. வாங்கியாச்சா என்று கேட்டேன். "பாப்போம்" என்றாள்.

ஜனவரி 11, சனி

இன்று பள்ளி இல்லை. மத்தியானம் முழுக்க அந்த ஆண்டுவிழாவுக்குள்ளேயே இருந்தேன். ஜன்னலைச் சாத்தி, திரைச்சீலை இழுத்து, மின்விசிறியின் சத்தத்தில். வெளியே உப்பு லாரிகள் போகும் சத்தம் ஏதோ வேறு ஊரில் கேட்பதுபோல் இருந்தது. கேசட்டில் நிறங்கள் ஒன்றோடொன்று கசிந்திருக்கின்றன. சிவப்புப் பாவாடை, போட்டிருக்கும் பெண்ணைவிட அரை அடி தள்ளி மிதக்கிறது. பிள்ளைகள் ஓடும்போது அவர்களின் நிறம் மட்டும் கொஞ்சம் தாமதமாகப் பின்னால் ஓடி வருகிறது. இவர்களெல்லாம் இப்போது எங்கே என்று நினைத்தேன். தங்கள் நிறத்தை இங்கேயே விட்டுவிட்டுப் போய்விட்டார்கள்போல.

பிறகு மீனவர் நடனம் வந்தது. பதினோரு பிள்ளைகள், கையில் ஜிகினா ஒட்டிய துடுப்பு.

அம்மா நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டாள். "இரு இரு. நிறுத்து. இந்தா, இடமிருந்து மூணாவது. நான்தான்."

மூன்றாவது பெண் உயரமாக, மெலிந்து, கன்னத்தில் குழி விழச் சிரித்துக்கொண்டிருந்தாள். அது அம்மா இல்லை. அம்மா வரிசையின் கடைசியில் நிற்கிறாள். எனக்குச் சட்டென்று தெரிந்துவிட்டது, ஏனென்றால் அது என் முகம். எல்லாரும் வலப்பக்கம் திரும்பும்போது இடப்பக்கம் திரும்பிவிட்டு, பயந்துபோய் மற்றவர்களைப் பார்த்துத் திருத்திக்கொள்கிறாள். அந்தப் பயமும் என்னுடையதுதான்.

"அழகா இருக்கம்மா" என்றேன், மூன்றாவது பெண்ணைப் பார்த்து.

அம்மாவுக்குச் சந்தோஷம். சாயங்காலம் முழுக்க ஏதோ முணுமுணுத்துக்கொண்டே மாவாட்டினாள்.

ஜனவரி 12, ஞாயிறு

சரக்குத் தோணியில் வேலை பார்க்கும் அப்பா மாலத்தீவிலிருந்து போனில் பேசினார். தோணியிலிருந்து வெங்காயம் இறக்கிக்கொண்டிருக்கிறார்களாம். மாசக் கடைசியில் வந்துவிடுவார்.

"அங்க எல்லாரும் சுகமா?"

"சுகம்ப்பா."

"அம்மா?"

"சுகம்ப்பா."

தோணிக்குப் போகிறவர் வீட்டில் கெட்ட சேதியைப் போனில் சொல்வதில்லை. கேட்டுவிட்டு அந்த மனுஷன் கடலில் நின்றுகொண்டு என்ன செய்வார்? ஆச்சி செத்தபோதுகூட, அப்பா கரையிறங்கி, சோறு சாப்பிட்டுக் கைகழுவிய பிறகுதான் சொன்னார்கள். எனக்குப் பேச்சு வந்த நாளிலிருந்து போனில் சொல்லப் பழகிய வார்த்தை அதுதான். சுகம்.

ஜனவரி 14, செவ்வாய், பொங்கல்

காலையில் அம்மா எனக்கு டீ ஊற்றினாள். தம்ளருக்கு இரண்டு விரற்கடை தள்ளி, தரையில். கொஞ்ச நேரம் ஊற்றிக்கொண்டே இருந்தாள். நான், "எம்மா!" என்றதும் நிறுத்தினாள்.

இரண்டு பேரும் சிரித்தோம். நான் துடைத்தேன்.

"இந்த பல்பை மாத்தணும்" என்றாள். வெளியே நல்ல வெயில். சமையலறை ஜன்னல் திறந்திருந்தது.

ஜனவரி 15, புதன்

நூல் இப்போது ஒன்று இல்லையாம். சிலந்தி வலை மாதிரியாம். ஒரு ஓரத்தில் புகையாம். "கேசட்டு ஓட ஓடத் தேயுது" என்கிறாள் அம்மா.

ஓடும் கேசட்டில் நான் புகையைத் தேடினேன். ரொம்ப நேரம் தேடினால் எல்லாமே புகை மாதிரித்தான் இருக்கிறது.

ஜனவரி 16, வியாழன்

கேசட்டை மாற்றிப் பார்த்தோம். அலமாரியில் நன்றாக ஓடும் ஒரு கேசட் இருக்கிறது, யாரோ வந்து வாங்கிப் போகாத புதுவீட்டு மந்திரிப்பு, பாதிரியார் வந்து வீட்டை ஆசீர்வதிப்பது. அதிலும் அம்மாவுக்கு நூல் இருந்தது. "அப்ப கேசட்டு மேல குத்தமில்ல." கம்ப்யூட்டரை விட்டுவிட்டு மெஷினை நேராகப் பழைய டி.வி.யில் மாட்டினோம். அதிலும் இருந்தது. "அப்ப டப்பா மேலயும் குத்தமில்ல." ஒவ்வொன்றாகக் கழித்துக்கொண்டே வந்து கடைசியில் மெஷின் மட்டும் நின்றது.

"உருளைதான்" என்றாள் அம்மா. "சனிக்கிழமை அதைக் கழத்தி மறுபடி உக்கார வச்சிருவோம்."

அந்த உருளையைக் கழற்றினால் திரும்ப அதே இடத்தில் உட்காராது என்று சொல்லிக்கொடுத்ததே அம்மாதான். முடி அளவு விலகினாலும் எந்தக் கேசட்டும் ஓடாது.

"எம்மா, அது நல்லாத்தான இருக்கு" என்றேன்.

"நீதானட்டி தெனமும் நூலு இருக்குன்னு சொல்லுத?"

ஜனவரி 17, வெள்ளி

சொல்லிவிடலாம் என்று பள்ளியிலிருந்து நடந்தே வந்தேன். சொல்லவில்லை.

மாடிப்படியில் அம்மா கைப்பிடியைத் தடவித் தடவி இறங்கி வந்துகொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் கையை எடுத்துவிட்டாள். என்னைப் பார்த்ததுமா, என் காலடிச் சத்தத்தைக் கேட்டதுமா என்று தெரியவில்லை.

ஜனவரி 18, சனி

நடந்ததை அப்படியே எழுத வேண்டும்.

காலை பத்து மணி. அம்மா மெஷினைத் தரையில் பாய் விரித்து அதன் மேல் வைத்தாள். திருகும்போதே நூல் போகிறதா என்று பார்க்க டி.வி.யும் ஓடிக்கொண்டிருந்தது, மீனவர் நடனம். ஸ்குரூடிரைவரை எடுத்து, உருளையின் பக்கத்தில் இருக்கும் திருகில் வைத்தாள். வைத்தது திருகில் இல்லை, அதற்கு அடுத்த வெறும் தகட்டில். தள்ளி வைத்தாள். மறுபடி தகடு. மூன்றாவது தடவை முனை வழுக்கி, உருளையை நோக்கிப் போனது. ஒரு நெல் அளவு தூரத்தில் நின்றது.

நான் எழுந்து போய் எக்ஸ்டென்ஷன் பலகையின் பிளக்கைப் பிடுங்கினேன்.

டி.வி. அணைந்தது. மின்விசிறியும் அதே பலகையில் இருந்ததால் அதுவும் சுற்றி ஓய்ந்தது. அறை திடீரென்று தண்ணீருக்கு அடியில் போனதுபோல் ஆகிவிட்டது.

"ஏட்டி, என்ன பண்ணுத?"

"எம்மா, டி.வி.யைப் பாரு. இப்ப இருக்கா?"

"கரண்டைப் புடுங்கிட்டு என்னத்தட்டி பாக்க?"

"பாரேன். நூலு இருக்கா?"

அம்மா அணைந்த டி.வி.யைப் பார்த்தாள். அதன் சாம்பல் கண்ணாடியில் ஜன்னலும் நாங்கள் இருவரும் சின்னதாகத் தெரிந்தோம். அவள் தலையை மெதுவாக வலப்பக்கம் சாய்த்தாள், பிறகு இடப்பக்கம். பிறகு சுவரைப் பார்த்தாள். மேலே கூரையைப் பார்த்தாள். கடைசியாகத் தன் உள்ளங்கையை விரித்துப் பார்த்தாள்.

"இருக்கு" என்றாள்.

"எனக்கு இல்லம்மா. எனக்கு ஒருநாளும் இருந்ததில்ல."

அவள் வலது கண்ணைக் கையால் பொத்திக்கொண்டு பார்த்தாள். கையை மாற்றி இடது கண்ணைப் பொத்திப் பார்த்தாள். ஒரு நேரத்தில் ஒன்றுதான். அவளுடைய விதி. நான் தரையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். எதுவும் மாறாமல் அந்த நிமிஷம் அப்படியே நின்றுவிட வேண்டும் என்று மாதாவை வேண்டினேன்.

"பெறகு எதுக்கு இருக்குன்ன?"

"நான் உருளையைத் தொட்டுட்டேம்மா. நீ பூசைக்குப் போனப்ப. அதனாலதான் நூலு வந்துட்டுன்னு…"

"கையால தொட்டா தாளை வச்சுத் தொடைச்சா போச்சு." அம்மாவின் குரல் எங்கோ தூரத்தில் இருந்தது. "அதுக்குப் போயி பன்னெண்டு நாளு பொய் சொன்னியா, கூறுகெட்ட கழுதை."

அடிப்பாள் என்று நினைத்தேன். அடித்திருக்கலாம். ஸ்குரூடிரைவரின் கைப்பிடியை என் பக்கம் திருப்பி நீட்டினாள். நான் வாங்கிக்கொண்டேன். அம்மா பாயிலேயே காலை மடக்கி, சுவரில் சாய்ந்து, இரண்டு கண்ணையும் மூடிக்கொண்டு, வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள்.

ஜனவரி 20, திங்கள்

திருநெல்வேலியில் கண் ஆஸ்பத்திரி. பள்ளிக்குப் போகவில்லை.

பஸ்ஸில் அம்மா ஜன்னலோரம் உட்கார்ந்து, வெளியே பார்க்காமல் தன் மடியையே பார்த்துக்கொண்டு வந்தாள். ஆஸ்பத்திரியில் இரண்டு கண்ணிலும் மருந்து விட்டு வரிசையில் உட்கார வைத்தார்கள். அந்த வராந்தாவில் எல்லாரும் கண்ணை மூடிக்கொண்டு, முகத்தைக் கொஞ்சம் மேலே தூக்கி, மழைக்குக் காத்திருப்பவர்களைப்போல் இருந்தார்கள். அம்மா இடையில் ஒரு தடவை கண்ணைத் திறந்து, "டியூப் லைட்டெல்லாம் பூவாட்டம் விரிஞ்சி கெடக்குட்டி" என்றாள்.

டாக்டர் சின்ன வயசு அக்கா. விளக்கைக் காட்டி ரொம்ப நேரம் உள்ளே பார்த்தார்.

"சுகர் மாத்திரை ஒழுங்கா எடுக்கீங்களா?"

"எடுக்கேன்."

டாக்டர் என்னைப் பார்த்தார். நான் தலையை ஆட்டவில்லை. அம்மா, "நடுவுல கொஞ்ச நாளா இல்ல" என்றாள்.

"இந்த நூலு எப்ப இருந்து தெரியுது?"

"ரெண்டு வாரமா."

டாக்டர் எழுதத் தொடங்கிவிட்டார். அப்போது அம்மா, யாரிடமோ சொல்வதுபோல், "தீவாளிக்கு முன்னாடி இருந்தே தெரியுது. சொவத்துல, ஆகாசத்துல எல்லாம். போயிரும் போயிரும்னு இருந்தேன்" என்றாள்.

நான் அம்மாவைப் பார்த்தேன். மருந்தில் அவளுடைய கருவிழி முழுவதும் கறுப்பாக விரிந்திருந்தது. என்னைப் பார்க்கிறாளா இல்லையா என்று தெரியவில்லை. கேசட், வயர், டப்பா என்று ஒவ்வொன்றாக மாற்றிக்கொண்டிருந்தபோதெல்லாம் அவளுக்குத் தெரியும். நான் "இருக்கு" என்று சொன்ன ஒவ்வொரு தடவையும் அவளுக்கு ஒரு நாள் கூடுதலாகக் கிடைத்திருக்கிறது.

"மின்னல் மாதிரி வெளிச்சம் ஏதாவது?" டாக்டர் கேட்டார்.

"அது ராத்திரிதான் டாக்டர். புள்ளை படுத்திருக்க பக்கமா, மங்கலா, தரையோட தரையா ஒரு வெளிச்சம் அசையும். நான் பெரண்டு படுத்தா அணைஞ்சி போவும். அதுக்குத்தான் ரொம்பப் பயந்தேன்."

டாக்டர் முகத்தைச் சுருக்கி அதையும் எழுத ஆரம்பித்தார். எனக்குக் காது சூடாகிவிட்டது.

"டாக்டர், அது கண்ணு இல்ல" என்றேன். "அது என் டார்ச்சு."

டாக்டரின் பேனா நின்றது. அம்மா என் குரல் வந்த திசைக்கு முகத்தைத் திருப்பினாள்.

"ராத்திரி டார்ச்சை வச்சுக்கிட்டு என்னட்டி பண்ணுத?"

"எழுதுதேன்."

"யாருக்கு?"

"யாருக்கும் இல்லம்மா. நோட்டுல."

"பையன் எவனும்…"

"ஐயோ, இல்லம்மா!"

டாக்டர் சிரித்துக்கொண்டே எழுதியதை அடித்துவிட்டார். அப்புறம் சிரிப்பை நிறுத்திவிட்டு விளக்கினார். சுகரால் கண்ணுக்குப் பின்னால் மெல்லிய ரத்தக்குழாய்கள் உடைந்து ரத்தம் கசிந்திருக்கிறது. நூல், வலை, புகை எல்லாம் அதுதான். இடது கண்ணில் நிறையக் கசிந்திருக்கிறது. தெளிகிறதா என்று பொறுத்துப் பார்க்க வேண்டும், தெளியாவிட்டால் ஆபரேஷன். வலது கண்ணில் இப்போதுதான் ஆரம்பம். இன்றைக்கே லேசர் வைக்கலாம்.

"வலது கண்ணுக்கு நேரத்துக்கு வந்துட்டீங்க. இடதுக்கு இப்ப ஒண்ணும் சொல்ல முடியாது."

லேசர் வைத்து முடித்துத் திரும்பும்போது இருட்டிவிட்டது. அம்மாவுக்குக் கறுப்புக் கண்ணாடி. படிகளை நான் எண்ணிக்கொண்டே அவளை இறக்கினேன். பஸ்ஸில் அவள் என் கையைப் பிடித்துக்கொள்ளவில்லை. என் பையின் வாரைப் பிடித்துக்கொண்டாள்.

ஜனவரி 21, செவ்வாய்

ரத்தம் கீழே இறங்குவதற்காக மூன்று தலையணை வைத்துச் சாய்ந்துதான் தூங்க வேண்டும். கட்டிலில் அம்மா, பஸ்ஸில் தூங்குகிறவளைப்போல் உட்கார்ந்திருக்கிறாள்.

நான் போர்வையை இழுத்ததும் சொன்னாள்: "லைட்டைப் போட்டுக்கிட்டு எழுது. இருட்டுல எழுதுனா கண்ணு கெட்டுரும்."

லைட்டைப் போட்டேன். அவள் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். வெளிச்சத்தில் என் கையெழுத்து இவ்வளவு கோணலாக இருக்கும் என்று நினைக்கவே இல்லை.

ஜனவரி 23, வியாழன்

என் வருத்தம் எல்லாம் கண்ணைப் பற்றி இல்லை. நான் பொய் சொல்லாமல் இருந்திருந்தால் அவள் எப்போதோ சொல்லியிருப்பாள் என்பதைப் பற்றி. நான் அன்றே "தெரியலம்மா" என்று சொல்லியிருந்தால், பொய் சொல்ல அவளுக்குத் துணை இருந்திருக்காது.

இதை அம்மாவிடம் சொன்னேன். "நீ ஒருத்தி சொல்லித்தான் நான் கேட்டுருவேனாக்கும்" என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, "கேட்டிருப்பேன்" என்றாள்.

ஜனவரி 25, சனி

கேசட்டை நானே ஏற்றி முடித்தேன். அம்மா கட்டிலில் இருந்தபடியே காதால் வேலை வாங்கினாள். "இப்ப சத்தம் கொழையுது பாரு, டிராக்கிங்கைத் தொடு. போதும், விடு." படத்தின் மேல்பக்கம் கொடி மாதிரி வளைந்து ஆடியது. பழைய டி.வி.டி. ரெக்கார்டர் ஒன்றை நடுவில் மாட்டி அதன் வழியாக அனுப்பச் சொன்னாள். வளைவு நிமிர்ந்துவிட்டது.

பதினாலாவது நிமிஷத்தில் நான்கு விநாடி நீலமாகப் போகிறது. அது நாடாவிலேயே இருக்கிறது, ஒன்றும் செய்ய முடியாது. டீச்சருக்கு அதை ஒரு தாளில் எழுதி வைத்தேன்.

மீனவர் நடனம் வந்தபோது, அந்த மூன்றாவது பெண் அவள் இல்லை என்றும் சொல்லிவிட்டேன்.

"பெறகு நான் எங்க?"

"கடைசியில. எல்லாரும் வலது திரும்பும்போது நீ இடது திரும்புத."

அம்மா தலையணையில் சாய்ந்தபடியே சிரித்தாள். "அந்தச் சிஸ்டர்கிட்ட அதுக்கு எவ்வளவு வாங்கிக் கட்டுனேன் தெரியுமா. அந்த மூணாவது, ரீத்தா. அவளை மாதிரி இருக்கணும்னு அப்ப எனக்கு அப்படி ஒரு ஆசை."

ஜனவரி 29, புதன்

அப்பா வந்துவிட்டார். நான் கீழே போய்ப் பையை வாங்கிக்கொண்டு வந்தேன். அவர் செருப்பைக் கழற்றக் குனிந்தார். சோறு இல்லை, கைகழுவுதல் இல்லை, அம்மா வாசலில் நின்றுகொண்டே சொல்லிவிட்டாள். அப்பா ஒரு செருப்போடு வெகுநேரம் நின்றுகொண்டிருந்தார். பிறகு, "எந்தக் கண்ணு?" என்று கேட்டார்.

பிப்ரவரி 3, திங்கள்

இன்று மறுபடி கண் ஆஸ்பத்திரி. அப்பா வராந்தாவில் உட்கார்ந்துகொண்டார். டாக்டரைப் பார்க்கும் முன் எழுத்துப் பார்க்கும் அறைக்கு நான் அம்மாவைக் கூட்டிக்கொண்டு போனேன்.

நீளமான, இருட்டான அறை. கோடியில் ஒரு வெள்ளைப் பலகை மட்டும் உள்ளே விளக்கு எரிந்து, ராத்திரிக் கடலில் ஒரே ஒரு தோணியைப்போல் மிதந்துகொண்டிருந்தது. அதில் தமிழ் எழுத்துகள். மேலே பெரியதாக ஒன்று, கீழே போகப்போகச் சிறியதாக. நர்ஸ் அம்மாவை நாற்காலியில் உட்கார வைத்து, வலது கண்ணை ஒரு மூடியால் மறைத்தாள். நான் நாற்காலியின் பக்கத்தில், அம்மாவின் தோள் என் இடுப்பில் படும்படி நின்றேன்.

"இடது கண்ணு. மேல இருந்து வாசிங்க."

"ட" என்றாள் அம்மா.

"அடுத்த வரி."

"ப… ர."

"அடுத்த வரி."

அம்மா கழுத்தை முன்னால் நீட்டினாள். பின்னால் இழுத்தாள். மூன்றாவது வரியில் மூன்று எழுத்து. ய, க, ம. நான் நின்ற இடத்திலிருந்து அவை அவ்வளவு கறுப்பாக, அவ்வளவு பெரியதாக இருந்தன.

அம்மாவின் தோள் என்னை மெதுவாக அழுத்தியது. ஒரு தடவை. பிறகு இன்னொரு தடவை. உதட்டை அசைக்காமல் என்னால் சொல்லிவிட முடியும். நர்ஸ் அட்டையில் எழுதிக்கொண்டிருந்தாள், கவனித்திருக்கவே மாட்டாள். "ய" என்பது என் வாய்க்குள் வந்துவிட்டது. அதை நான் பல்லுக்குப் பின்னால் பிடித்துக்கொண்டேன். கண்ணில் தண்ணீர் வந்து பலகையின் வெளிச்சம் எனக்கும் பூவாக விரிந்தது.

"ஏட்டி" என்றாள் அம்மா, மூச்சுக் காற்றில்.

நான் பேசவில்லை.

தோள் என்னைவிட்டு விலகியது. அம்மா நாற்காலியில் நேராக நிமிர்ந்து உட்கார்ந்தாள். இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டாள்.

"தெரியல" என்றாள்.

அறை முழுவதும் கேட்கும்படி சொன்னாள்.

"சரி" என்று நர்ஸ் எழுதிக்கொண்டாள். "இப்ப வலது கண்ணு."

மூடி இடம் மாறியது. அம்மா மேலே இருந்து தொடங்கினாள். ஒவ்வொரு வரியாக, அவசரமில்லாமல், நர்ஸ் கேட்பதற்குக் காத்திராமல் இறங்கிக்கொண்டே போனாள். எனக்கே சரியாகத் தெரியாத கடைசி வரிக்கு வந்ததும் நான் கண்ணைத் துடைத்துக்கொண்டு பலகையைப் பார்த்தேன், அவள் சொல்வது சரிதானா என்று.